கன்ஸ்ட்ரக்டர்: உள்ளே என்ன நடக்கிறது, எப்படி எழுதுவது, எங்கே சறுக்கும்

ஒரு கிளாஸிலிருந்து புதிய ஆப்ஜெக்ட் உருவாகும்போது தானாக ஓடும் நிரல்பகுதிதான் கன்ஸ்ட்ரக்டர். "ஃபீல்டுகளுக்கு ஆரம்ப மதிப்பு கொடுக்கும் இடம்" என்று பாடத்தில் சொல்லித் தருவது தவறில்லை, ஆனால் அது பாதி வேலைதான். கன்ஸ்ட்ரக்டர் முடிந்தபின் அந்த ஆப்ஜெக்டின் எந்த மெத்தடைக் கூப்பிட்டாலும் ஒழுங்காக ஓட வேண்டும். அதற்கு வழியில்லை என்றால் ஆப்ஜெக்டே கைக்கு வரக் கூடாது. இதைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் விதிகளில் பலவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

உதாரணத்துக்கு இடைவெளி என்று ஒரு கிளாஸ். அதில் தொடக்கம், முடிவு என இரண்டு முழு எண் ஃபீல்டுகள். ஒரே விதி: முடிவு, தொடக்கத்தைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. நீளம் கேட்டால் முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்துச் சொல்லும் மெத்தட் ஒன்றும் உண்டு. விதியை மீறிய ஆப்ஜெக்ட் ஒன்று எங்காவது உருவாகிவிட்டால் அந்த மெத்தட் மைனஸில் விடை தரும். பிழை தெரியவரும் இடத்துக்கும் அது பிறந்த இடத்துக்கும் சம்பந்தமே இருக்காது.

முதலில் வடிவம்

ஜாவா, சி++, சி# மூன்றிலும் கிளாஸின் பெயரே கன்ஸ்ட்ரக்டரின் பெயர். ரிட்டர்ன் டைப் எழுதக் கூடாது, வாய்ட் என்றுகூட. சி++, சி# கம்பைலர்கள் இந்தத் தவறை எரர் காட்டிப் பிடித்துவிடும். ஜாவா பிடிக்காது: வாய்ட் போட்டால், கிளாஸின் பெயரையே கொண்ட சாதாரண மெத்தட் அது என்று ஏற்றுக்கொள்ளும். அது பாராமீட்டர் இல்லாததாக இருந்தால் இன்னும் மோசம். ஆப்ஜெக்டை உருவாக்க நியூ போடும்போது கம்பைலர் தானாகச் சேர்த்த காலி கன்ஸ்ட்ரக்டர்தான் ஓடும், நீங்கள் எழுதியது ஓடவே ஓடாது. ஃபீல்டுகள் எல்லாம் 0 ஆகவும் நல் (எதையும் சுட்டாத வெற்று மதிப்பு) ஆகவும் இருப்பதைப் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இது.

பைத்தானில் அதன் பெயர் __இனிட்__ (__init__). ஜாவாஸ்கிரிப்டில் 2015-இல் கிளாஸ் வந்தபோது கன்ஸ்ட்ரக்டர் என்ற சொல்லையே மெத்தட் பெயராக வைத்துவிட்டார்கள். பைத்தானில் விரல் தவறி __இன்ட்__ (__int__) என்று அடித்துவிடுவது அடிக்கடி நடக்கும். அதுவும் பைத்தானுக்குத் தெரிந்த பெயர்தான் (முழு எண்ணாக மாற்றும் மெத்தட்), அதனால் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ளும். பிறகு இடைவெளி(9, 17) என்று கூப்பிட்டதும் "இந்தக் கிளாஸ் எந்த ஆர்க்யுமென்டும் வாங்காது" என்ற பொருளில் டைப்எரர் வரும். அந்தச் செய்தியைப் பார்த்தால் உடனே எழுத்துப் பிழையைத் தேடுங்கள்.

பிறக்கும் வரிசை

கன்ஸ்ட்ரக்டரில் வரும் புரியாத பிழைகளுக்குப் பெரும்பாலும் காரணம் வரிசை தெரியாததுதான். ஜாவாவில் நியூ போட்டதும் நடப்பது இது:

1. தாய்க் கிளாஸின் (இந்தக் கிளாஸ் எதிலிருந்து நீட்டி எழுதப்பட்டதோ அதன்) ஃபீல்டுகளையும் சேர்த்து மொத்த ஆப்ஜெக்டுக்கும் மெமரி ஒதுக்கப்படும். எல்லா ஃபீல்டும் 0, ஃபால்ஸ் அல்லது நல்.
2. தாய்க் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் ஓடும். சூப்பர் என்று நீங்கள் எழுதாவிட்டால், பாராமீட்டர் இல்லாத சூப்பரைக் கம்பைலரே சேர்த்துவிடும்.
3. ஃபீல்டு அறிவித்த இடத்திலேயே கொடுத்த மதிப்புகள், எழுதிய வரிசையில் போய் உட்காரும்.
4. கன்ஸ்ட்ரக்டரின் மீதி வரிகள் ஓடும்.

இதில் 2-க்குப் பிறகுதான் 3 என்பதைக் கவனியுங்கள். அறிக்கை என்ற தாய்க் கிளாஸ் தன் கன்ஸ்ட்ரக்டரில் தயார்செய் என்ற மெத்தடைக் கூப்பிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து வந்த சப்கிளாஸ் அந்த மெத்தடை ஓவர்ரைடு செய்து (அதே பெயரில் தன் வடிவத்தை எழுதி), தன்னுடைய எண்ணிக்கை என்ற ஃபீல்டில் 5 என்று எழுதுகிறது. அந்த ஃபீல்டை அறிவித்த வரியில் எண்ணிக்கை = 0 என்று இருக்கிறது. ஆப்ஜெக்ட் தயாரானபின் பார்த்தால் மதிப்பு 0. ஓவர்ரைடு ஓடியது, 5 எழுதப்பட்டது, அதன் பிறகு 3-ஆம் படி வந்து 0 போட்டு அழித்துவிட்டது. டீபக்கரில் மெத்தடுக்குள் நின்று பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும், அதனால்தான் இதைக் கண்டுபிடிக்க நேரம் பிடிக்கிறது. எண்ணுக்குப் பதில் லிஸ்ட் இருந்திருந்தால், ஓவர்ரைடு அதில் எதையாவது சேர்க்கப் பார்க்கும்போதே நல்பாயின்டர்எக்செப்ஷன் வந்திருக்கும். இரண்டில் அதுவே மேல், பிழை இருப்பதாவது தெரியும்.

இதே காட்சி மொழிக்கு மொழி மாறும். சி#-இல் சப்கிளாஸின் ஃபீல்டு மதிப்புகள் தாய்க் கன்ஸ்ட்ரக்டருக்கு முன்பே போடப்பட்டுவிடும். எனவே மேலே சொன்ன 5 தப்பிக்கும். ஆனால் சப்கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் உடலில் கொடுக்கும் மதிப்புகள் இன்னும் வந்திருக்காது. சி++-இல் தாய்க் கன்ஸ்ட்ரக்டர் ஓடும்போது ஆப்ஜெக்ட் இன்னும் தாய் வகையாகவே நடத்தப்படும். விர்ச்சுவல் மெத்தடை (சப்கிளாஸ் ஓவர்ரைடு செய்யக்கூடியதை) கூப்பிட்டாலும் தாயின் வடிவமே ஓடும். அது உடலே இல்லாத பியூர் விர்ச்சுவலாக இருந்தால், வழக்கமாக நிரல் அங்கேயே செத்துவிழும். பைத்தானில் ஓவர்ரைடு ஓடும், ஆனால் அது தேடும் ஃபீல்டு இன்னும் உருவாகவில்லை என்றால் ஆட்ரிப்யூட்எரர்.

ஆகவே சப்கிளாஸ் மாற்றக்கூடிய மெத்தடைக் கன்ஸ்ட்ரக்டருக்குள்ளிருந்து கூப்பிடாதீர்கள். உதவி மெத்தட் தேவைப்பட்டால் அதை பிரைவேட், ஸ்டாட்டிக் அல்லது ஃபைனல் ஆக்கிவிடுங்கள்.

ஜாவாவில் சூப்பர் வரிதான் முதல் வரியாக இருக்க வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடு, 2025-இல் வந்த ஜாவா 25-இல் தளர்ந்துவிட்டது. இப்போது அதற்கு முன்பே பாராமீட்டர்களைச் சரிபார்க்கலாம், தன் ஃபீல்டுகளுக்கு மதிப்பும் கொடுக்கலாம். ஆப்ஜெக்டை வேறு வகையில் மட்டும் தொடக் கூடாது. பழைய வெர்ஷனில் இருப்பவர்கள் சரிபார்ப்பை ஒரு ஸ்டாட்டிக் மெத்தடில் வைத்து, சூப்பரின் அடைப்புக்குறிக்குள்ளேயே அதைக் கூப்பிட வேண்டியதுதான்.

கன்ஸ்ட்ரக்டரை எழுதும் முறை

எந்த மதிப்பு இல்லாவிட்டால் ஆப்ஜெக்டுக்கு அர்த்தமே இல்லையோ, அதை மட்டும் பாராமீட்டராகக் கேளுங்கள். இடைவெளிக்கு இரண்டுமே வேண்டும். "காலியாக உருவாக்கிவிட்டுப் பிறகு செட்டர் வைத்து நிரப்பலாம்" என்ற பழக்கம்தான் அரைகுறை ஆப்ஜெக்டுகளின் தாய்வீடு.

அடுத்து சரிபார்ப்பு. இடைவெளி(17, 9) என்று யாராவது கூப்பிட்டால் அமைதியாக இரண்டையும் மாற்றிப் போட்டுச் சரிசெய்யாதீர்கள். கூப்பிட்டவர் நிரலில் பிழை இருக்கிறது, அது அவருக்குத் தெரிய வேண்டும். ஜாவாவில் இல்லீகல்ஆர்க்யுமென்ட்எக்செப்ஷன், பைத்தானில் வேல்யூஎரர். செய்தியில் "தவறான மதிப்பு" என்று மட்டும் எழுதாமல், வந்த இரண்டு எண்களையும் சேர்த்து எழுதுங்கள். லாக்கை மட்டும் வைத்துக்கொண்டு பிழை தேடுபவருக்கு அந்த எண்கள்தான் துப்பு.

பிறகு மதிப்பைப் போடுவது. பாராமீட்டருக்கும் ஃபீல்டுக்கும் ஒரே பெயர் இருக்கும்போது ஜாவாவில்

தொடக்கம் = தொடக்கம்;

என்று எழுதினால் பாராமீட்டர் தன்னையே தனக்குள் போட்டுக்கொள்ளும், ஃபீல்டு 0 ஆகவே இருக்கும். எழுத வேண்டியது

திஸ்.தொடக்கம் = தொடக்கம்;

(திஸ் என்பது உருவாகிக்கொண்டிருக்கும் ஆப்ஜெக்டையே குறிக்கும். அதை நிரலில் ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும், மாறிகளின் பெயரை மட்டும் தமிழில் வைக்க ஜாவாவும் பைத்தானும் இடம் தருகின்றன.) ஃபீல்டை ஃபைனல் என்று அறிவித்துவிட்டால் இந்தத் தவறு தப்பவே முடியாது. மதிப்பு போடாமல் கன்ஸ்ட்ரக்டர் முடிகிறது என்று கம்பைலர் நிறுத்திவிடும். பிறகு மாறத் தேவையில்லாத ஒவ்வொரு ஃபீல்டையும் ஃபைனல் ஆக்க இந்த ஒரு காரணமே போதும்.

லிஸ்ட் போன்ற மாறக்கூடிய பொருளைப் பாராமீட்டராக வாங்கினால் நகல் எடுத்து வையுங்கள். இல்லையென்றால் கூப்பிட்டவர் தன் கையில் இருக்கும் அதே லிஸ்டைப் பின்னால் மாற்ற, உங்கள் ஆப்ஜெக்டின் விதி உடைந்துவிடும். நகலை முதலில் எடுங்கள், பிறகு அந்த நகலைச் சரிபாருங்கள். வரிசை மாறினால், சரிபார்த்த பிறகு நகல் எடுக்கும் முன் வேறொரு த்ரெட் (அதே நேரத்தில் இணையாக ஓடும் நிரல் ஓட்டம்) மூல லிஸ்டை மாற்றிவிட இடம் இருக்கிறது.

ஒன்றுக்கு மேற்பட்ட கன்ஸ்ட்ரக்டர்

எல்லாக் கன்ஸ்ட்ரக்டரும் கடைசியில் ஒரே முழுக் கன்ஸ்ட்ரக்டரிடம் போய்ச் சேர வேண்டும், சரிபார்ப்பு அங்கே மட்டும். ஜாவாவில் திஸ்(...), சி#-இல் முக்காற்புள்ளிக்குப் பின் திஸ்(...), சி++-இல் 2011 தரத்திலிருந்து இனிஷியலைசர் லிஸ்டில் கிளாஸ் பெயர்.

தொடக்கமும் முடிவும் தந்தால் ஒரு கன்ஸ்ட்ரக்டர், தொடக்கமும் நீளமும் தந்தால் இன்னொன்று என்று ஆசைப்பட்டால் நடக்காது. இரண்டுமே இரண்டு முழு எண்கள், கம்பைலரால் பிரித்தறிய முடியாது. பெயருள்ள ஸ்டாட்டிக் மெத்தட்தான் வழி: இடைவெளி.நீளத்திலிருந்து(9, 8). படிப்பவருக்கும் 8 என்பது என்னவென்று அங்கேயே தெரிகிறது. பைத்தானில் இதுவே நடைமுறை, கிளாஸ்மெத்தட் வைத்து எழுதுவார்கள். அங்கே இரண்டு __இனிட்__ எழுதினால் இரண்டாவது முதலாவதைச் சத்தமின்றி அழித்துவிடும்.

இன்னொரு கண்ணி. நீங்கள் எந்தக் கன்ஸ்ட்ரக்டரும் எழுதாதவரைதான் ஜாவா, சி++, சி# கம்பைலர்கள் காலி கன்ஸ்ட்ரக்டரைத் தரும். பாராமீட்டர் உள்ள ஒன்றை எழுதிய உடனே அது போய்விடும். நேற்றுவரை கம்பைல் ஆன சப்கிளாஸ் இன்று எரர் காட்டினால், தாய்க் கிளாஸில் யாராவது ஒரு கன்ஸ்ட்ரக்டர் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

சி++-இன் தனிக் கணக்கு

இங்கே கன்ஸ்ட்ரக்டர் உடலுக்குள் = போட்டு மதிப்பு கொடுப்பது ஆரம்ப மதிப்பு அல்ல. உடல் தொடங்கும் முன்பே எல்லா மெம்பரும் உருவாகிவிட்டன, நீங்கள் செய்வது மறுபடி எழுதுவது. கான்ஸ்ட் மெம்பரும் ரெஃபரன்ஸ் மெம்பரும் இருந்தால் இந்த வழி கம்பைலே ஆகாது. முக்காற்புள்ளிக்குப் பின் வரும் இனிஷியலைசர் லிஸ்டைப் பயன்படுத்துங்கள்.

அந்த லிஸ்டில் நீங்கள் எழுதும் வரிசைக்கு மதிப்பே கிடையாது. கிளாஸில் மெம்பர்களை அறிவித்த வரிசையில்தான் அவை உருவாகும். நீளம், தொடக்கம், முடிவு என்று அறிவித்துவிட்டு, லிஸ்டின் கடைசியில் நீளம்(முடிவு - தொடக்கம்) என்று எழுதினால், நீளம்தான் முதலில் கணக்கிடப்படும். அப்போது மற்ற இரண்டிலும் இருப்பது குப்பை. ஜிசிசி என்ற கம்பைலரில் மைனஸ் டபிள்யூ ஆல் (-Wall) கொடுத்துக் கம்பைல் செய்தால் இதற்கு எச்சரிக்கை வரும், அதைக் கடந்து போகாதீர்கள்.

ஒரே ஆர்க்யுமென்டில் கூப்பிடக்கூடிய கன்ஸ்ட்ரக்டருக்கு முன்னால் எக்ஸ்ப்ளிசிட் போடுங்கள். போடாவிட்டால், அந்தக் கிளாஸ் எதிர்பார்க்கும் இடத்தில் யாராவது வெறும் எண்ணை அனுப்பினாலும் கம்பைலர் தானாக ஆப்ஜெக்டாக மாற்றிவிடும். அடுத்தது, இடைவெளி இ(); என்று எழுதினால் ஆப்ஜெக்ட் வராது. இ என்ற ஃபங்ஷனை அறிவித்ததாக அது கொள்ளப்படும். அடைப்புக்குறியை எடுத்துவிடுங்கள், அல்லது 2011-க்குப் பிந்தைய முறையில் {} போடுங்கள்.

கன்ஸ்ட்ரக்டர் பாதியில் எக்செப்ஷன் வீசினால் அந்தக் கிளாஸின் டிஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடும் நிரல்பகுதி) ஓடாது, ஏனென்றால் ஆப்ஜெக்ட் முழுதாகப் பிறக்கவே இல்லை. அதுவரை முழுதாக உருவான மெம்பர்கள், தாய்க் கிளாஸ் பகுதிகள் ஆகியவற்றின் டிஸ்ட்ரக்டர்கள் மட்டும் ஓடும். வெறும் பாயின்டரில் நியூ போட்டு வைத்திருந்தால் அந்த மெமரி ஒழுகிப் போகும். யூனிக் பாயின்டரில் வைத்திருந்தால் அதுவே விடுவித்துவிடும்.

பைத்தானில் கவனிக்க வேண்டியவை

ஆப்ஜெக்டை உருவாக்குவது __நியூ__, அதில் மதிப்புகளை நிரப்புவதுதான் __இனிட்__. இன்ட், ஸ்ட்ரிங், டப்பிள் போன்ற மாறாத வகைகளிலிருந்து சப்கிளாஸ் எடுத்து மதிப்பையே மாற்ற வேண்டுமென்றால் மட்டும் __நியூ__ பக்கம் போங்கள், மற்றபடி தொட வேண்டாம்.

பாராமீட்டரின் டீஃபால்ட் மதிப்பாக காலி லிஸ்ட் [] கொடுக்காதீர்கள். அது ஃபங்ஷன் வரையறுக்கப்படும்போது ஒரே ஒருமுறை உருவாகிறது. பிறகு லிஸ்ட் தராமல் உருவாக்கும் எல்லா ஆப்ஜெக்டும் அதே லிஸ்டைப் பகிர்ந்துகொள்ளும். டீஃபால்ட்டை நன் (None) என்று வைத்துவிட்டு, உள்ளே புது லிஸ்ட் உருவாக்குங்கள். பைத்தான் 3.7-இல் வந்த டேட்டாகிளாஸ் (ஃபீல்டுகளைப் பார்த்து __இனிட்__-ஐத் தானே எழுதித் தரும் வசதி) இந்தத் தவறை வேல்யூஎரர் போட்டு மறுத்துவிடும். அங்கே டீஃபால்ட் ஃபேக்டரி (ஒவ்வொரு முறையும் புது மதிப்பு உருவாக்கித் தரும் ஃபங்ஷன்) கொடுக்க வேண்டும், சரிபார்ப்பை __போஸ்ட்_இனிட்__-இல் வைக்க வேண்டும்.

சப்கிளாஸில் __இனிட்__ எழுதினால் தாயின் __இனிட்__ தானாக ஓடாது. சூப்பரைக் கூப்பிட மறந்தால் உடனே எதுவும் தெரியாது, தாயின் ஃபீல்டை யாராவது தொடும்போதுதான் ஆட்ரிப்யூட்எரர் வரும். ஜாவாஸ்கிரிப்ட் இதில் கறார்: சப்கிளாஸில் சூப்பர் கூப்பிடும் முன் திஸ்ஸைத் தொட்டாலே ரெஃபரன்ஸ்எரர்.

உள்ளே வைக்கக் கூடாதவை

நெட்வொர்க், டேட்டாபேஸ், ஃபைல் வேலைகளைக் கன்ஸ்ட்ரக்டருக்குள் வைத்தால் டெஸ்ட் எழுதும்போதுதான் வலி தெரியும்: ஆப்ஜெக்டை உருவாக்கவே ஒரு சர்வர் தேவைப்படும். திறந்த இணைப்பைப் பாராமீட்டராக வாங்கிக்கொள்ளுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் கன்ஸ்ட்ரக்டரை அசிங்க் (async) ஆக்கவே முடியாது. காத்திருக்க வேண்டிய வேலையை ஒரு ஸ்டாட்டிக் அசிங்க் மெத்தடில் முடித்துவிட்டு, கிடைத்த மதிப்புகளை வைத்துக் கன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிடுங்கள்.

திஸ்ஸை வெளியே கொடுப்பது அதைவிட ஆபத்து. கன்ஸ்ட்ரக்டருக்குள்ளேயே தன்னை லிசனராக (நிகழ்வு நடந்தால் தகவல் பெறுபவராக) பதிவு செய்வது, த்ரெட்டை ஸ்டார்ட் செய்வது இரண்டும் இதில் சேரும். மறுமுனையில் இருப்பவர் பாதி கட்டிய ஆப்ஜெக்டைப் பார்ப்பார். ஃபைனல் ஃபீல்டுகள் எல்லா த்ரெட்டுக்கும் சரியாகத் தெரியும் என்று ஜாவா தரும் உறுதியும் அத்துடன் போய்விடும். ஜாவா 21-இலிருந்து கம்பைலரின் லின்ட் (எச்சரிக்கை) ஆப்ஷன்களில் திஸ் எஸ்கேப் என்று ஒன்று இருக்கிறது, பல கசிவுகளை அது காட்டிக்கொடுக்கும். திருத்துவது எளிது: கன்ஸ்ட்ரக்டரை பிரைவேட் ஆக்கி, ஒரு ஸ்டாட்டிக் மெத்தடில் ஆப்ஜெக்டை முழுதாக உருவாக்கி, அதன் பிறகு பதிவு செய்து, கடைசியில் திருப்பிக் கொடுங்கள்.