நொண்டும் குதிரையைக் கொண்டுவந்து வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடற்கரைச் சவாரியில் தேய்ந்ததோ, ரேஸில் கால் போனதோ, ஒரு குதிரையைக் காப்பாற்றி முப்பது சென்ட் தோப்புக்குக் கொண்டுவந்தாயிற்று. விலா எலும்பு தெரியும் உயிரைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? முதல் நாளே ஒரு வாளி ஊறவைத்த கொள்ளு. தவறு அங்கேயே ஆரம்பிக்கிறது. ‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்றுதானே பழமொழி சொல்கிறது! பட்டினி கிடந்த குதிரைக்குத் திடீரென்று தானியத்தைக் கொட்டினால் ரத்தத்தில் தாதுச் சத்துகள் தாறுமாறாகி, சில நாளில் செத்தே போகலாம். பிழைத்தாலும் லேமினைடிஸ் வரலாம். குளம்புக்குள் எலும்பைப் பிடித்திருக்கும் திசு அழன்று போவதுதான் அது. முன்னங்கால்களை நீட்டி, பாரத்தைப் பின்னுக்குத் தள்ளிச் சாய்ந்து நிற்கும். அதைச் சோம்பல் என்று நினைத்து நடத்திக் கூட்டிப்போகிறவர்களும் உண்டு.

கொடுக்க வேண்டியது காய்ந்த புல். 300 கிலோ குதிரைக்கு நாளுக்கு 5, 6 கிலோ. அந்த அளவையும் எடுத்த எடுப்பில் போடாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுத்துப் பத்து நாளில் எட்டினால் போதும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: மாட்டுத் தீவனத்தையே குதிரைக்கும் போடுவது. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. மாட்டுக்கு வளர்க்கும் நேப்பியர் புல்லில் உள்ள ஆக்சலேட் என்ற உப்பு, இருக்கிற கால்சியத்தையும் உடம்பில் சேரவிடாது. மாட்டின் அசையூண் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும்; குதிரைக்கு அந்த வயிறு கிடையாது. மாதக்கணக்கில் இவற்றையே தின்றால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும். இன்றைக்கு இந்தக் கால், நாளைக்கு அந்தக் கால் என்று நொண்டும். போகப்போக முகத்து எலும்பே வீங்கும். காலுக்குத் தைலம் தேய்த்து என்ன ஆகப்போகிறது?

தைலம் தேய்த்தவன்தான் நானும். ஒரு மழைக்காலக் காலையில் எங்கள் கிழட்டுப் பெண்குதிரை முன்னங்காலை ஊன்றவே இல்லை. எலும்பு முறிவு என்றே பயந்து, தோளையும் முட்டியையும் தடவி அரை நாளை வீணாக்கினேன். டாக்டர் வந்ததும் தோளைப் பார்க்கவே இல்லை. குளம்பைத் தொட்டார், சூடு. கணுவுக்குப் பக்கவாட்டில் விரலை வைத்தார், நாடி தடதடத்தது. இடுக்கியால் குளம்பைச் சுற்றி அழுத்திக்கொண்டே வர, ஓரிடத்தில் வெடுக்கென்று காலை இழுத்தாள். அங்கே சீவியதும் கறுப்பாகச் சீழ், குடலைப் பிரட்டும் நாற்றம். மறுநாளே அந்தக் காலை ஊன்றிவிட்டாள். திடீரென்று பலமாக நொண்டினால் முதலில் குளம்படியைப் பாருங்கள்.

ஆணி ஏறியிருந்தால் பிடுங்க அவசரப்படாதீர்கள். ஆணி இருக்கும்போதே எக்ஸ்ரே எடுத்தால்தான் எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் என்று தெரியும். மேலும் ஆழமாக ஏறிவிடும் என்றால் மட்டும் போட்டோ எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு உருவுங்கள். டெட்டனஸ் ஊசியை மறக்கவே கூடாது. குதிரையைப் போல டெட்டனஸுக்கு எளிதில் பலியாகும் பிராணி குறைவு.

மாட்டுக்கு லாடம் அடிப்பவரையே குதிரைக்கும் கூப்பிடுவார்கள். மாட்டுக் குளம்பு பிளந்தது, லாடம் இரண்டு துண்டு. குதிரைக் குளம்பின் கோணம் தனிக் கணக்கு. லாடமே இல்லாவிட்டாலும் ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைத் திருத்தியாக வேண்டும். சிமென்ட் தரை, சேறு, குட்டைக் கயிறு மூன்றும் ஆகாது. துணைக்கு ஓர் ஆடாவது இருக்கட்டும்.

வலி ஊசியை நீங்களாகப் போடாதீர்கள். வலி மறைந்த குதிரை ஓடிப் பார்க்கும், இருக்கிற காயம் பெரிதாகும். வலி மருந்துகளில் டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைக்குப் போட இந்தியாவில் 2006 முதல் தடை, கீட்டோபுரோஃபெனுக்கு 2023 முதல். காரணம், அந்த மருந்து ஏறிய சடலத்தைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகள் செத்துவிடும்.

சில கால்கள் சரியாகாது. படுத்தால் எழ முடியாத நாள் வருவதற்கு முன்பே டாக்டரிடம் கருணைக்கொலை பற்றிப் பேசி வையுங்கள். குழி தோண்ட ஜேசிபி உங்கள் சந்துக்குள் நுழையுமா என்பதையும் இப்போதே அளந்து பாருங்கள்.