வெயிலில் தண்டவாளம் நெளியாமல் பார்த்துக்கொள்வது

வெல்டு செய்த நீளத் தண்டவாளத்தில் விரிவதற்கு இடைவெளி கிடையாது. 1 கிலோமீட்டர் எஃகு 30 டிகிரி சூடேறினால் சுமார் 345 மில்லிமீட்டர் நீள வேண்டும். ஸ்லீப்பரும் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை) ஜல்லியும் விடாமல் பிடித்திருப்பதால் அது நீளாமல் உள்ளழுத்தமாகத் தங்கிவிடுகிறது. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளம் ஒன்றில் இந்த அழுத்தம் டிகிரிக்கு ஏறக்குறைய 1.9 டன், 30 டிகிரிக்கு 55 டன்னைத் தாண்டும். பிடி எங்கே தளர்ந்திருக்கிறதோ அங்கே பாதை பக்கவாட்டில் பிதுங்கும். பெரும்பாலும் ரயில் ஓடும்போதுதான் அது நடக்கும், சக்கரங்களின் அதிர்வு கடைசிப் பிடியையும் தளர்த்திவிடுவதால்.

தெர்மாமீட்டரைத் தண்டவாளத்தின் நடுத்தகட்டில், நிழல் விழும் பக்கத்தில் வையுங்கள். காற்றின் வெப்பத்தை நம்பாதீர்கள். தண்டவாளம் அதைவிட 20 டிகிரி வரை கூடுதலாகச் சுடும். அளந்ததை, அழுத்தமே இல்லாமல் பொருத்தப்பட்ட வெப்பநிலையோடு ஒப்பிடுங்கள். இந்த அடிப்படை எண் காலப்போக்கில் இறங்கிவிடும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். குளிர்காலத்தில் முறிந்த இடத்தில் புதுத் துண்டு வைத்து வெல்டு செய்யும்போது 10 மில்லிமீட்டர் இரும்பு கூடுதலாகச் சேர்ந்துவிட்டால், 100 மீட்டர் நீளத்தில் அந்த எண் கிட்டத்தட்ட 9 டிகிரி குறையும். அதனால் முறிவு சரிசெய்த இடங்களை எழுதிவைத்து, கோடைக்கு முன்பே அழுத்தம் நீக்குங்கள்: தண்டவாளத்தை வெட்டி, அதை ஸ்லீப்பரோடு பிடித்திருக்கும் கிளிப்களைக் கழற்றி, சுமார் 15 ஸ்லீப்பருக்கு ஒரு ரோலர் வைத்துத் தூக்கி, மரச்சுத்தியலால் தட்டி, டென்சரால் (தண்டவாளத்தை இழுக்கும் கருவி) இழுங்கள். 500 மீட்டருக்கு 10 டிகிரி வித்தியாசம் என்றால் 57.5 மில்லிமீட்டர் இழுக்க வேண்டும். பிறகு வெல்டு செய்து கிளிப் பூட்டுங்கள்.

ஸ்லீப்பர்களுக்கிடையே ஜல்லி நிறைந்திருக்கட்டும். ஸ்லீப்பர் முனைக்கு வெளியே 350 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஜல்லித் தோள் இருக்கட்டும், வளைவுகளில் இன்னும் கூடுதலாக. வெயில் ஏறியபின் ஜல்லியைத் தோண்டுவதும் பாதையைத் தூக்குவதும் மிக ஆபத்து. தோண்டிய இடத்தில் ஜல்லி மீண்டும் இறுகும்வரை வேகக் கட்டுப்பாடு வேண்டும்.

பாலத்தின் அணுகுபாதை, லெவல் கிராசிங், வளைவு ஆகியவற்றை நண்பகலில் நடந்து பாருங்கள். கிளிப் கழன்றிருப்பது, ஸ்லீப்பர் முனையில் ஜல்லி விலகி இடைவெளி தெரிவது, நேரான பாதையில் சிறு நெளிவு: மூன்றும் முன்னறிகுறிகள். நெளிந்தே விட்டால் முதலில் ரயிலை நிறுத்துங்கள். இரு திசையிலும் 600 மீட்டரில் பேனர் கொடி (பாதைக்குக் குறுக்கே கட்டும் சிவப்புத் துணி), 1200 மீட்டரில் 10 மீட்டர் இடைவெளியில் 3 டெட்டனேட்டர் (சக்கரம் ஏறியதும் வெடித்து ஓட்டுநரை எச்சரிப்பவை) வையுங்கள். நெளிந்ததைக் கடப்பாரையால் நெம்பி நேராக்கினால் மட்டும் போதாது. அழுத்தம் உள்ளேயே இருக்கும், அடுத்த வெயிலில் அதே இடம் மீண்டும் நெளியும்.