இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்தால் எதில் சேர்வது?

இரண்டுமே நல்ல அரசுப் பல்கலைக்கழகங்கள், இரண்டிலும் இடம் கிடைத்துவிட்டது, இரண்டுக்கும் காலங்காலமாகப் போட்டி, எந்தப் பக்கம் திரும்பினாலும் "எங்களுடையதுதான் பெரிது" என்று சொல்ல ஆள் இருக்கிறார்கள். அறிவியலோ கலைப் பாடமோ படிக்கப்போகிற ஒருவர் இதற்கு நடுவே எதைப் பார்த்து முடிவெடுப்பது? பல்கலைக்கழகத்தின் பெயர் சான்றிதழில் இருக்கும், அவ்வளவுதான். மூன்று நான்கு வருடம் அன்றாடம் உங்களை நடத்தப்போவது ஒரு துறையும் அதன் விதிமுறைகளும். ஆகவே துறையைப் பாருங்கள், அதன் விதிமுறைப் புத்தகத்தைப் பொறுமையாகப் படியுங்கள். இதற்கு ஒரு வாரம் செலவழித்தாலும் தகும்.

முதலில் ரேங்க் விஷயத்தை முடித்துவிடலாம், எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்த 2003-இல் தொடங்கிய ஷாங்காய் தரவரிசை எப்படிப் போடப்படுகிறது என்று பாருங்கள்: பழைய மாணவர்கள் வாங்கிய நோபல், கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் விருதுகளுக்கு 10 சதவீதம், ஆசிரியர்கள் வாங்கிய அதே விருதுகளுக்கு 20, அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆராய்ச்சியாளர்களுக்கு 20, நேச்சர், சயின்ஸ் ஆகிய இரண்டு இதழ்களில் வந்த கட்டுரைகளுக்கு 20, மொத்தக் கட்டுரை எண்ணிக்கைக்கு 20, ஆசிரியர் தலைக்கு என்ன சாதனை என்று பார்ப்பதற்கு 10. முதல் வருட வகுப்பில் யார் பாடம் எடுக்கிறார்கள், லேப்பில் ஒரு மேசைக்கு எத்தனை பேர், சந்தேகம் கேட்டால் பதில் வருமா என்பது இதில் எங்குமே இல்லை. வரலாறோ இலக்கியமோ படிக்கப்போகிறவருக்கு இது இன்னும் குறைவாகத்தான் பயன்படும், ஏனென்றால் அந்தத் துறைகளின் உழைப்பில் பெரும்பகுதி புத்தகங்களாக வருகிறது. க்யூஎஸ் என்ற இன்னொரு உலகத் தரவரிசையில் 30 சதவீதம் கல்வியாளர்களிடமும் 15 சதவீதம் வேலை கொடுப்பவர்களிடமும் கருத்துக் கேட்டு வாங்குவது. ஆசிரியர் மாணவர் விகிதத்துக்கு 10 சதவீதம்தான். பிஎச்.டி. செய்யப் போகிறவர்களுக்கு இந்தப் பட்டியல்களால், அதிலும் பாடவாரிப் பட்டியல்களால், ஓரளவு பயன் உண்டு. இளநிலைப் பட்டத்துக்கு, ஒன்று 20-ஆவது இடத்திலும் இன்னொன்று 35-ஆவது இடத்திலும் இருப்பதை நான் கணக்கிலேயே எடுக்க மாட்டேன்.

சரி, விதிமுறையில் எதைத் தேடுவது? முதல் கேள்வி, பாடத்தை எப்போது முடிவு செய்ய வேண்டும்? இரண்டாவது, அதை முடிவு செய்வது நீங்களா, உங்கள் மதிப்பெண்ணா? போட்டிப் பல்கலைக்கழகங்களுக்கு இடையே உண்மையான வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. பேச்சில் எப்போதும் ஜோடியாக வரும் ஆக்ஸ்ஃபோர்டையும் கேம்பிரிட்ஜையும் எடுத்துக்கொள்ளுங்கள். கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் என்று ஒரே படிப்பு. முதல் வருடம் மூன்று அறிவியல் பாடங்களும் கூடவே கணிதமும் எடுத்துவிட்டு, போகப்போகக் குறுக்கிக்கொண்டு வரலாம். ஆக்ஸ்ஃபோர்டில் இயற்பியல் என்றால் முதல் நாளிலிருந்தே இயற்பியல், வேதியியல் என்றால் வேதியியல். வேதியியலில் நான்காம் வருடம் முழுக்க ஆராய்ச்சிக்கே போகிறது. இயற்பியலா உயிரியலா என்று மனசு ஊசலாடுகிறவருக்கு முதலாவது நல்லது, வேதியியல்தான் என்று உறுதியாக இருப்பவருக்கு இரண்டாவது. இந்த இரண்டில் எது உசத்தி என்ற கேள்விக்கு இங்கே வேலையே இல்லை. (இளநிலைக்கு ஒரே ஆண்டில் இரண்டுக்கும் விண்ணப்பிக்க விடமாட்டார்கள், அதனால் அங்கே இந்த யோசனையை விண்ணப்பத்துக்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும்.)

ஜப்பானின் டோக்கியோ, கியோட்டோ பல்கலைக்கழக ஜோடியிலும் இதே கதைதான். டோக்கியோவில் சேரும் எல்லாரும் முதல் இரண்டு ஆண்டு கொமாபா வளாகத்தில் பொதுவான கல்வி படிக்கிறார்கள், அதன் பிறகுதான் துறை. அதுவும் அந்த இரண்டு ஆண்டு மதிப்பெண்ணைப் பொறுத்து. கியோட்டோவில் விண்ணப்பிக்கும்போதே எந்தப் புலம் (கலை, அறிவியல் போன்ற பெரும்பிரிவு) என்று சொல்லிவிட வேண்டும். முதலாவதில் யோசிக்க நேரம் கிடைக்கிறது, ஆனால் கூட்டம் மொய்க்கிற துறைக்கு உள்ளேயே இன்னொரு போட்டி நடக்கும். யோசிக்க நேரம் தரும் பல்கலைக்கழகங்கள் பலவற்றிலும் இப்படி ஒரு இரண்டாவது வாசல் இருக்கிறது, விளம்பரக் கையேட்டில் மட்டும் அதைப் பெரிதாகப் போட மாட்டார்கள். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அறிவியல் மாணவர்கள் முதல் வருட முடிவில் சிறப்புப் பாடத்துக்கு விண்ணப்பிக்கிறார்கள், மதிப்பெண் பார்த்துத்தான் இடம். அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 2023-இல் சேர்ந்தவர்கள் முதல், கணினி அறிவியல் வேண்டுமென்றால் சேர்க்கையின்போதே அதற்கென்று இடம் வாங்குவதுதான் முக்கிய வழி. உள்ளே போய் மாறிக்கொள்ளலாம் என்று நம்பிப் போவது ஆபத்து. அதே பெர்க்லியில் வேதியியலுக்கென்று தனிக் கல்லூரியே இருக்கிறது, லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள போட்டி வளாகத்தில் அது கலை அறிவியல் கல்லூரிக்குள் ஒரு துறை. கல்லூரி மாறினால் கட்டாயப் பாடங்களும் மாறும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் விதியும் மாறும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். உங்கள் முதல் விருப்பம் என்ன, அது கசந்துவிட்டால் எங்கே போவீர்கள் என்று இரண்டு பாடங்களை எழுதிவையுங்கள். பிறகு இரண்டு பல்கலைக்கழகத்திலும் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாற என்னென்ன வேண்டும் என்று தேடுங்கள்: எந்தப் பாடங்களை முன்னாலேயே முடித்திருக்க வேண்டும், குறைந்தபட்ச மதிப்பெண் உண்டா, எத்தனையாவது செமஸ்டருக்குள் மாற வேண்டும், மாறினால் ஒரு வருடம் கூடுதலாகுமா. பதினேழு பதினெட்டு வயதில் தேர்ந்தெடுத்த பாடத்தையே பிடித்துக்கொண்டு எல்லாரும் முடிப்பதில்லை, அது தவறும் இல்லை. திரும்ப வழி வைத்திருக்கும் இடத்துக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

அடுத்து கால அட்டவணை. இந்த ஒரு விஷயத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பாடப் பட்டியல் என்று இணையதளத்தில் இருப்பது பல வருடங்களாகச் சேர்ந்த பெயர்களின் தொகுப்பு, அதிலுள்ள எல்லாப் பாடமும் ஒவ்வொரு வருடமும் நடக்காது. நீங்கள் பார்க்க வேண்டியது, இந்த செமஸ்டரில் உண்மையில் நடக்கிற வகுப்புகளின் அட்டவணை, முடிந்தால் போன வருடத்து அட்டவணையும். உதாரணத்துக்குத் தத்துவத் துறையை வைத்துக்கொள்வோம். பட்டியலில் ஐம்பது பாடம் இருக்கும். அட்டவணையைத் திறந்தால் பன்னிரண்டு நடக்கும், அதில் ஐந்து முதல் வருடத்துக்கு, இரண்டு முதுகலை மாணவர்களுக்கு மட்டும், ஒன்றுக்கு நேரே ஆசிரியர் பெயர் போடாமல் "பின்னர் அறிவிக்கப்படும்" என்றிருக்கும். மிஞ்சுகிற நான்கு பாடம்தான் உங்கள் மூன்றாம் வருடம். அந்த நான்கும் உங்களுக்குப் பிடிக்குமா? ஆசிரியர் பட்டியலையும் இதே கண்ணோடு பாருங்கள். ஓய்வுபெற்றவர்கள், வருகை தருபவர்கள், வேறு துறையில் சம்பளம் வாங்கிக்கொண்டு இங்கே பெயர் மட்டும் இருப்பவர்கள் எல்லாரையும் கழித்துவிட்டு, இந்த வருடம் இளநிலை மாணவர்களுக்கு வகுப்பெடுப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். இரண்டு துறைகளையும் இப்படி எண்ணிப் பார்த்தாலே பாதி முடிவு வந்துவிடும்.

செமஸ்டரா குவார்ட்டரா என்பதையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். பெர்க்லி செமஸ்டர் முறையில் நடக்கிறது, லாஸ் ஏஞ்சலிஸ் குவார்ட்டர் முறையில். குவார்ட்டர் என்றால் பத்து வாரப் பாடம், மூன்றாவது நான்காவது வாரத்திலேயே இடைத்தேர்வு வந்து நிற்கும், ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் எட்டிப் பிடிப்பது கஷ்டம். பதிலுக்கு வருடத்தில் அதிகப் பாடங்களைத் தொட்டுப் பார்க்கலாம், பிடிக்காத பாடம் சீக்கிரம் முடிந்துவிடும். மெதுவாக ஊறி ஊறிப் படிக்கிறவர்களுக்கு, குறிப்பாக நீளமான கட்டுரைகள் எழுத வேண்டிய கலைப் பாடங்களுக்கு, செமஸ்டர்தான் தோது என்பது என் கருத்து.

அறிவியல் படிக்கிறவர்கள் லேப் பற்றித் துருவித் துருவிக் கேளுங்கள். புதுக் கட்டடத்தைச் சுற்றிக்காட்டுவார்கள், அழகாகத்தான் இருக்கும், அதில் இளநிலை மாணவர்களுக்கு நுழைய அனுமதி உண்டா என்பதுதான் கேள்வி. மூன்றாம் வருட லேப்புக்கு எத்தனை இடம், அதே வருடத்தில் எத்தனை மாணவர்கள்? இந்த இரண்டு எண்ணும் பொருந்தவில்லையென்றால் யாரோ ஒரு செமஸ்டர் காத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆராய்ச்சிக் குழுவில் சேர வழி என்ன? துறையே இடம் ஒதுக்குகிறதா, அல்லது நீங்களாகவே பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்க வேண்டுமா? பெரிய பெயர் பெற்ற இடத்தில் உங்களைப் போல நூற்றுக்கணக்கானவர்கள் அதே பத்துப் பேராசிரியர்களின் கதவைத் தட்டுவார்கள். கொஞ்சம் சின்ன பெயர் உள்ள போட்டிப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடமே கருவியைத் தொட விடலாம். முதுகலைக்கோ பிஎச்.டி.க்கோ போகும்போது உங்களோடு வேலை பார்த்த ஒருவர் எழுதும் பரிந்துரைக் கடிதத்தின் கனமே தனி. இறுதியாண்டு ஆய்வுத் திட்டம் எல்லாருக்கும் கட்டாயமா, மதிப்பெண் இருப்பவர்களுக்கு மட்டுமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

கலைப் பாடங்களுக்கு லேப் இல்லை, ஆனால் அதற்கு நிகரான ஒன்று இருக்கிறது: நீங்கள் எழுதியதை யாராவது உட்கார்ந்து படித்துத் திருத்தித் தருகிறார்களா என்பது. ஒரு செமஸ்டரில் எத்தனை கட்டுரை, எத்தனை நாளில் திரும்ப வருகிறது, ஓரத்தில் குறிப்பு இருக்குமா இல்லை வெறும் மதிப்பெண்ணா? நானூறு பேர் வகுப்பில் கொள்குறி வினாத்தாளோடு வரலாறு முடிந்துவிட்டால், நீங்கள் எழுதவும் வாதாடவும் கற்கவில்லை. நடத்துகிறவர்களிடம் கேட்பதைவிட இரண்டாம் மூன்றாம் வருட மாணவர்களிடம் கேளுங்கள், முடிந்தால் திருத்தி வந்த ஒரு கட்டுரையைக் காட்டச் சொல்லுங்கள். அந்த ஒரு தாளில் துறையின் குணம் தெரிந்துவிடும். அப்புறம், மொழிகள், செவ்வியல் படிப்புகள் போன்ற சின்னத் துறைகளில் ஆர்வம் உள்ளவர்கள், அந்தத் துறையில் புதிதாக ஆள் எடுக்கிறார்களா என்று பாருங்கள். பணம் குறையும்போது அரசுப் பல்கலைக்கழகங்கள் முதலில் கை வைப்பது பெரும்பாலும் அங்கேதான்.

அறிவியல், கலை இரண்டும் கலந்து படிக்க ஆசையா? அதற்கும் அமைப்பைப் பாருங்கள். மெல்பர்ன் பல்கலைக்கழகம் 2008-இல் தன் இளநிலைப் படிப்புகளை ஒரு சில பரந்த பட்டங்களாகச் சுருக்கி, சொந்தத் துறைக்கு வெளியே பாடம் எடுப்பதைப் பட்டத்துக்குள்ளேயே வைத்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் கலைப் புலமும் அறிவியல் புலமும் சேர்ந்து நடத்தும் ஒரு கல்லூரியைத் தொடங்கி, 2021-இல் முதல் மாணவர் அணியைச் சேர்த்தது. மற்ற இடங்களில் "எதையும் எடுக்கலாம்" என்று எழுதியிருந்தாலும், இயற்பியல் லேப்பும் இலக்கிய வகுப்பும் ஒரே மதிய நேரத்தில் வந்தால் எடுக்க முடியாது. மறுபடியும் அட்டவணைதான்.

உதவித்தொகை பற்றிச் சுருக்கமாக: தொகையைவிட நிபந்தனை முக்கியம். எல்லா வருடமும் தொடருமா, எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நிற்கும், பாடம் மாறினால் என்னாகும் என்று எழுத்தில் வாங்குங்கள். விடுதியில் முதல் வருடத்துக்கு மேல் இடம் உண்டா என்பதும் இதோடு சேர்ந்த செலவுதான்.

இவ்வளவும் பார்த்த பிறகு, இரண்டு துறையின் இளநிலை ஒருங்கிணைப்பாளருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். மூன்று கேள்வி போதும்: பாடம் மாறும் விதி, மூன்றாம் வருட லேப் அல்லது கருத்தரங்க வகுப்பின் அளவு, உரிய காலத்தில் பட்டம் முடிப்பவர்கள் எவ்வளவு பேர். தெளிவான பதில் வருகிறதா, கையேட்டின் இணைப்பை மட்டும் அனுப்பி வைக்கிறார்களா என்று கவனியுங்கள், நாளைக்கு நீங்கள் சிக்கலில் இருக்கும்போதும் அதே ஆள்தான் பதில் எழுதப்போகிறார்.

முடிவெடுத்ததும் சேர்க்கைக் கடிதத்தின் நிபந்தனைகளை ஒருமுறை முழுசாகப் படித்து, கடைசித் தேதிக்கு முன்னால் ஏற்பை உறுதி செய்துவிடுங்கள். அன்றைக்கே மற்றப் பல்கலைக்கழகத்துக்கும் வரவில்லை என்று எழுதிவிடுங்கள். காத்திருப்புப் பட்டியலில் அந்த இடத்துக்காக ஒருவர் நாள் எண்ணிக்கொண்டிருப்பார்.