‘அப்படியெல்லாம் பேசக் கூடாது’ என்று வாயை அடைக்காதீர்கள்

புதிதாகச் சேர்ந்த பிசியோதெரபி பெண் ஒருத்தி, பக்கவாத நோயாளியின் கேஸ் ஷீட்டில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிக்கொண்டிருந்தாள். என் முதல் வருடத்தில் நானும் எழுதித் தள்ளிய வார்த்தைதான். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. மூளையில் விழுந்த அடியும் அதற்கு ஒரு காரணம். அதைப் பிடிவாதம் என்று எழுதிவிட்டால் அப்புறம் யார் சிகிச்சை கொடுப்பார்கள்? பிசியோதெரபி செய்யும் நாம் இதில் செய்கிற தவறுகள் இவை.

ஆறுதல் சொல்லிப் பேச்சை முடிப்பது

ஒரு தையல்காரர். வலது கை விழுந்துவிட்டது. சட்டைப் பொத்தானைக்கூட மனைவிதான் போட்டுவிட வேண்டும். தோள் பயிற்சியின் நடுவே, “நான் இருந்து யாருக்கு சார் பிரயோஜனம்?” என்றார். “என்னண்ணே இது, ஆறே மாசத்துல மிஷின்ல உட்காருவீங்க” என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சொன்ன பயிற்சியெல்லாம் செய்தார். தேறிவிட்டார் என்றே நினைத்தேன். மூன்று வாரத்தில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். மனைவி பார்த்துவிட்டதால் பிழைத்தார். “அன்னைக்கே சொன்னேனே சார்” என்றார் பிறகு.

பிரஷர் பார்க்கிறோம், பிடிமானம் பார்க்கிறோம், நடையை அளக்கிறோம். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நாக்கு எழுவதில்லை. கேட்டால் இல்லாத நினைப்பு வந்துவிடுமாம். வராது. “செத்துப்போயிடலாம்னு தோணுதா? ஏதாவது செஞ்சுக்கணும்னு யோசிச்சீங்களா?” என்று நேராகவே கேளுங்கள். அதற்கு முன் கூட இருப்பவர்களை டீ குடிக்க அனுப்பிவிடுங்கள். மகன் எதிரே எந்த அப்பா வாய் திறப்பார்? ‘ஆமாம்’ என்றால் தனியே விடாமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

பேச்சு வராத நோயாளியை விட்டுவிடுவது

ஆம், இல்லை அட்டையைக் காட்டிக் கேட்கலாம். சாப்பாடும் தூக்கமும் எப்படி என்று இரவில் கூட இருப்பவரிடம் விசாரியுங்கள்.

எல்லா அழுகையும் மனச்சோர்வு என்பது

காரணமே இல்லாமல் பொங்கி உடனே அடங்கும் அழுகை வேறு. டாக்டர் பிரித்துச் சொல்வார்.

மாத்திரை எழுதியதும் நிம்மதியாவது

பலன் தெரியச் சில வாரம் ஆகும். அதுவரை மாத்திரைப் பெட்டியும் பூச்சிமருந்தும் வீட்டார் பொறுப்பில், பூட்டுக்குள்.

டிஸ்சார்ஜோடு கைகழுவுவது

கழிவறைக்கு யார் தூக்கிப் போவது என்ற கேள்வியே வீட்டுக்குப் போன பிறகுதான் வருகிறது. முதல் இரண்டு வருடம் கவனமாக இருக்க வேண்டிய காலம். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். டிஸ்சார்ஜ் தாளின் முன்பக்கத்திலேயே எழுதுங்கள். பின்பக்கத்தை யாரும் திருப்புவதில்லை.