‘5×7’ என்று போட்டிருந்தால் மட்டும் போதாது: பழைய கேமராவுக்கு பிலிம் ஹோல்டர் தேடுவது எப்படி?

பழைய மரக் கேமரா கைக்கு வந்துவிட்டது, பெல்லோஸில் (லென்ஸுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே உள்ள மடிப்புத் துருத்தியில்) ஓட்டை இல்லை, லென்ஸும் தேவலை, ஆனால் கூட ஒரு ஹோல்டர்கூட, அதாவது பிலிமை வெளிச்சம் படாமல் வைத்துக் கேமராவின் பின்னால் செருகும் சட்டம்கூட, வரவில்லை. இந்த நிலையில் பலரும் செய்வது, இணையத்தில் ‘5×7 ஹோல்டர்’ என்று தேடி, விலை தோதாக இருக்கிற முதல் செட்டை வாங்கிவிடுவதுதான். வந்து சேர்ந்த பிறகு பார்த்தால் சிலது உள்ளே நுழையாது, சிலது நுழைந்து லொடலொடவென்று ஆடும், சிலது கச்சிதமாக உட்கார்ந்துகொண்டு எடுக்கிற படத்தையெல்லாம் மங்கலாக்கும். இந்தக் கடைசி வகைதான் மோசம். பாவம், லென்ஸைத் திட்டிக்கொண்டே மாதக்கணக்கில் ஓட்டுவோம்.

ஹோல்டர் மேல் இருக்கிற எண் பிலிமின் அளவை மட்டும்தான் சொல்கிறது. ஹோல்டரின் வெளி அளவு என்ன, பிலிம் எவ்வளவு ஆழத்தில் உட்காரும் என்பதெல்லாம் அதில் இல்லை. அதனால் தேடலைக் கேமராவின் முதுகிலிருந்து தொடங்குங்கள். ஹோல்டர் அப்புறம்.

உங்கள் கேமரா எந்தக் குடும்பம்?

4×5, 5×7, 8×10 அங்குல அமெரிக்கக் கேமரா, அதுவும் அவ்வளவு பழையதல்ல என்றால் பாதிக் கவலை விட்டது. இந்த மூன்று அளவு ஹோல்டர்களுக்கும் ஆன்சி என்கிற அமெரிக்கத் தர நிர்ணயம் உண்டு. ஃபிடெலிட்டி, லிஸ்கோ, டோயோ என்று பொதுவாகக் கிடைக்கிற பிளாஸ்டிக் ஹோல்டர்கள் அதை ஒட்டியே செய்யப்பட்டவை. அதற்கு முந்தைய காலத்து மரக் கேமராக்களில், கோரோனா, செனிகா போன்றவற்றில், பெரும்பாலும் இவை பொருந்தும்தான், ஆனால் அளக்காமல் நம்பக் கூடாது. 6½×8½ போன்ற அளவுகளில் நிலைமை இன்னும் சிக்கல், அந்தக் காலத்துத் தயாரிப்பாளர்கள் ஆளுக்கொரு வெளி அளவு வைத்திருந்தார்கள்.

பிரிட்டிஷ் கேமராக்கள் தனி உலகம். அளவுகள் பிளேட் கணக்கில், அதாவது பிலிமுக்கு முன்பு பயன்பட்ட கண்ணாடித் தகட்டின் கணக்கில் இருக்கும். கால் பிளேட் 3¼×4¼, அரை பிளேட் 4¾×6½, முழு பிளேட் 6½×8½ அங்குலம். தார்ன்டன் பிக்கார்ட், சாண்டர்சன் மாதிரி கேமராக்களோடு வரும் ஹோல்டர்கள் புத்தகம் போல நடுவில் விரியும், பிளேட்டை உள்ளே வைத்து மூட வேண்டும். அந்தந்தக் கேமராவோடு சேர்த்தே இழைத்துப் பொருத்தப்பட்டவை என்பதால், அதே பெயர் போட்ட இன்னொரு கேமராவின் ஹோல்டர்கூட உங்களுடையதில் சிக்கிக்கொள்ளலாம். ஐரோப்பியக் கேமராக்களில் 9×12, 13×18, 18×24 சென்டிமீட்டர். இதில் 9×12 மடிப்புக் கேமராக்களுக்கு மெல்லிய உலோக ஹோல்டர்கள், ஒரு பக்கம் மட்டும் பிளேட் வைப்பவை. பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் கேமராவின் தண்டவாளத்தில் ஏறும் விளிம்பு மடிப்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

கிராஃப்ளெக்ஸ் ரிஃப்ளெக்ஸ் கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. சாதாரண ஹோல்டரில் டார்க் ஸ்லைடு (பிலிமை மூடியிருக்கும், இழுத்து எடுக்கிற தகடு) பக்கம் குறுக்கே ஒரு மேட்டு வரம்பு இருக்கும், அது கேமராவின் காடியில் விழுந்து பூட்டிக்கொள்ளும். கிராஃப்ளெக்ஸ் பேக் ஹோல்டரில் இது தலைகீழ்: மேடு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம். ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்கு ஆகாது.

அளக்கிற வேலை

ஒரு ஸ்டீல் ஸ்கேலும் ஒரு டிஜிட்டல் காலிப்பரும் போதும். பக்கவாட்டுத் தடுப்புகளுக்கு நடுவே உள்ள அகலம், ஹோல்டரின் அடிமுனை போய் முட்டும் இடத்திலிருந்து வரம்பு விழும் காடி வரை உள்ள நீளம், இரண்டையும் மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். காடியே இல்லாத பழைய கேமராக்களும் உண்டு, அதையும் எழுதி வையுங்கள்.

மூன்றாவது அளவுதான் முக்கியம்: கிரவுண்ட் கிளாஸின், அதாவது ஃபோகஸ் பார்க்கும் சொரசொரப்பான கண்ணாடியின், ஆழம். கிளாஸ் பொருத்திய சட்டத்தைக் கழற்றி, லென்ஸைப் பார்க்கும் பக்கம் மேலே வருமாறு மேசையில் வையுங்கள். சட்டத்தின் உட்காரும் பரப்பின் மேல் ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்காக நிறுத்தி, காலிப்பரின் வாலிலிருந்து நீளும் மெல்லிய கம்பியை ஸ்கேலின் மேல் விளிம்பிலிருந்து கண்ணாடி வரை இறக்குங்கள். வரும் எண்ணிலிருந்து ஸ்கேலின் உயரத்தைக் கழித்தால் ஆழம் கிடைக்கும். நான்கு மூலையிலும் நடுவிலும் அளக்க வேண்டும். கண்ணாடியின் சொரசொரப்பான பக்கம் லென்ஸை நோக்கி இருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள், ஏனென்றால் உடைந்த கண்ணாடியை மாற்றிய யாரோ ஒருவர் திருப்பிப் போட்டுவிட்ட கேமராக்கள் நிறையவே சுற்றிக்கொண்டிருக்கின்றன, அப்படி இருந்தால் ஃபோகஸ் கண்ணாடியின் தடிமனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத் தள்ளிப்போயிருக்கும். லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஃப்ரெனல் தகடு (படத்தை வெளிச்சமாகக் காட்டும், வட்ட வரிகள் கொண்ட பிளாஸ்டிக் தகடு) இருந்து, அதை யாராவது எடுத்திருந்தாலும் இதே கதைதான்.

ஹோல்டர் பக்கம், தர நிர்ணயப்படி மேல் பரப்பிலிருந்து நடுத்தகடு (பிலிம் படுத்திருக்கும் தகடு) வரை உள்ள ஆழம் 4×5-க்கு 0.197 அங்குலம், அதாவது 5 மிமீ, 5×7-க்கு 0.228 (5.8 மிமீ), 8×10-க்கு 0.260 (6.6 மிமீ). இதற்கு மேல் பிலிமின் தடிமன், சுமார் 0.18 மிமீ, உட்காரும். அனுமதிக்கப்படும் வித்தியாசம் 4×5-இல் 0.18 மிமீ, 8×10-இல் 0.4 மிமீ வரை. உங்கள் கண்ணாடியின் ஆழம் இந்த எண்ணிலிருந்து பிலிம் தடிமனைக் கழித்த அளவுக்குப் பக்கத்தில் இருந்தால் தர நிர்ணய ஹோல்டர் எதையும் தைரியமாக வாங்கலாம். இல்லாவிட்டால் கேமராவைக் குறை சொல்லத் தேவையில்லை, அது வேறு ஹோல்டருக்காகச் செய்யப்பட்டது, அவ்வளவுதான். ஹோல்டரின் ஆழமும் கண்ணாடியின் ஆழமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால் சரி, புத்தகத்தில் உள்ள எண் இரண்டாம்பட்சம்.

காலிப்பர் இல்லையா? நேரான ஒரு மரச்சட்டத்தின் நடுவில் ஒரு திருகாணியை முடுக்குங்கள். சட்டத்தைக் கிரவுண்ட் கிளாஸ் சட்டத்தின் மேல் வைத்து, திருகாணியின் நுனி கண்ணாடியைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்வரை திருப்புங்கள். பிறகு அதையே பழைய பிலிம் ஒன்று போட்ட ஹோல்டரின் மேல் வையுங்கள். நுனிக்கும் பிலிமுக்கும் இடையே இடைவெளி இருந்தால் சாதாரண அச்சுத் தாளை வெட்டி ஒவ்வொன்றாகச் செருகிப் பார்க்கலாம், ஒரு தாள் சுமார் 0.1 மிமீ. இரண்டு தாள் வரை பரவாயில்லை. ஐந்து தாள் நுழைகிறதென்றால் அந்த ஹோல்டர் வேண்டாம். மாறாக நுனி பிலிமில் முட்டி சட்டம் தூக்கிக்கொண்டால், தாளைச் சட்டத்தின் இரு முனைக்கும் அடியில் வைத்து அளக்கவும்.

வாங்கும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டியது

டார்க் ஸ்லைடை முழுக்க வெளியே இழுத்து, உள்பக்கத்தைக் கிட்டத்தில் எடுத்த படம் ஒன்று கேளுங்கள். இந்த ஒரு படம் பாதிச் சிக்கலைத் தீர்க்கும். இருபுறமும் பிலிமின் ஓரம் நுழைவதற்கு மெல்லிய காடி தெரிந்தால் அது பிலிம் ஹோல்டர். காடி இல்லாமல் ஆழமாக, ஓரத்தில் ஒரு ஸ்பிரிங்கோடு இருந்தால் அது கண்ணாடி பிளேட்டுக்கானது, அதில் பிலிமை வைத்தால் நிற்காது. அதற்காக ஒதுக்கிவிட வேண்டியதில்லை. மூன்று ஓரம் மடித்த மெல்லிய உலோக உறை உண்டு, பிலிமை அதில் செருகி, உறையை பிளேட் இடத்தில் வைக்கலாம். 9×12 மடிப்புக் கேமராக்களில் இந்த உறைதான் உயிர், ஹோல்டரோடு உறையும் வருகிறதா என்று கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

பட்டியல்களில் ‘ஹோல்டர்’ என்ற பெயரில் திரியும் இன்னொன்று பிலிம் பேக் அடாப்டர். ஒரு பக்கம் மட்டும் டார்க் ஸ்லைடு, பின்பக்கம் கதவு போலத் திறக்கும். அதில் போட வேண்டிய பிலிம் பேக்கின் (பல பிலிம்களை அடுக்கிய பொட்டலத்தின்) உற்பத்தி நின்று வெகுகாலமாயிற்று. மலிவாக இருக்கிறதே என்று எடுக்காதீர்கள். ஆறு தாள் பிலிம் கொள்ளும் கிராஃப்மாட்டிக் ஹோல்டர் நல்ல சரக்குதான், ஆனால் உள்ளே உள்ள ஆறு தகடுகளில் ஒன்று வளைந்திருந்தாலும் சிக்கும், தவிர அதிலும் மேடு வைத்த வகை, பள்ளம் வைத்த வகை இரண்டும் உண்டு.

5×7-க்கும் 13×18-க்கும் இடையே ஒரு குழப்பம் வரும். பல 13×18 ஹோல்டர்களின் வெளி அளவு 5×7 கேமராவுக்கே பொருந்தும்படி செய்யப்பட்டிருக்கும், உள்ளே போகும் பிலிம்தான் வேறு. 13×18 பிலிம் இரண்டு மூன்று மிமீ பெரியது, 5×7 ஹோல்டரில் நுழையாது. 5×7 பிலிம் 13×18 ஹோல்டரில் தளர்ந்து நழுவும். 4×5, 9×12 இடையிலும் இதே நிலை. கட்டோடு வாங்கும்போது இரண்டும் கலந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றின் முத்திரையையும் பாருங்கள்.

கைக்கு வந்த பிறகு

மர ஹோல்டரில் முதலில் சாவது கீழ் மூடியைப் பிடித்திருக்கும் துணிப் பட்டை. மூடியை மெதுவாகத் திறந்து மடிப்பில் விரலை ஓட்டுங்கள், துணி பொடிப்பொடியாக உதிர்ந்தால் புத்தகம் தைப்பவர்கள் ஒட்டும் கறுப்புத் துணி டேப் போட்டு மாற்றிவிடலாம், கஷ்டமான வேலையில்லை. டார்க் ஸ்லைடில் விரிசல் இருக்கிறதா என்று இருட்டறையில் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்லைடு நுழையும் வாயில் உள்ள வெல்வெட் நசுங்கித் தட்டையாகியிருந்தால் அங்கேதான் ஒளி ஒழுகும்.

ஒளி சோதனைக்குப் பிலிமை வீணாக்க வேண்டாம். சிவப்பு விளக்கில் போட்டோ பேப்பரை வெட்டிப் போட்டு, ஹோல்டரை வெயிலில் எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பி வையுங்கள். பேப்பரின் வேகம் பிலிமைவிட ரொம்பக் குறைவு, அதனால் நிதானமாக நேரம் கொடுங்கள். டெவலப் செய்தால் கறுப்புக் கோடு எங்கே என்பது தெரிந்துவிடும்: ஸ்லைடு வாய்ப் பக்கமென்றால் வெல்வெட், எதிர்ப்பக்கமென்றால் மூடி. வெயிலில் தேறிய ஹோல்டர்கள் எல்லாவற்றிலும், கேமராவில் மாட்டி எடுத்த படத்தில் மட்டும், ஒரே இடத்தில் கறை வந்தால் கேமராவின் பேக்கையோ பெல்லோஸையோ பாருங்கள்.

ஃபோகஸ் சோதனையை லென்ஸை முழுக்கத் திறந்து வைத்துச் செய்ய வேண்டும். லென்ஸ் துளையைச் சிறிதாக்கிய எஃப் 22-இல் ஒரு மிமீ பிழைகூட ஒளிந்துகொள்ளும், எஃப் 5.6-இல் அரை மிமீயே சாயத்தை வெளுத்துவிடும். ஒரு ஸ்கேலைச் சாய்வாக நிறுத்தி, நடுவில் ஒரு கோட்டில் ஃபோகஸ் செய்து, ஒவ்வொரு ஹோல்டரிலும் ஒரு தாள் எடுங்கள். எல்லாவற்றிலும் கூர்மை ஒரே பக்கம் தள்ளிப்போயிருந்தால் கிரவுண்ட் கிளாஸைச் சரிசெய்ய வேண்டும், மெல்லிய அட்டைத் துண்டு வைத்தே சரிசெய்துவிடலாம். ஒன்றில் மட்டும் தள்ளிப்போனால் அந்த ஹோல்டரைத் தனியே எடுத்து வையுங்கள்.

கிடைக்கவே இல்லை என்றால்

பிரிட்டிஷ் அரை பிளேட் போன்ற அளவுகளுக்குத் தனி ஹோல்டர் தேடி அலைவதைவிட, என் யோசனை, 4×5 ஸ்பிரிங் பேக் (ஹோல்டரை ஸ்பிரிங்கால் அழுத்திப் பிடிக்கும் பின்பக்கச் சட்டம்) ஒன்றைப் பலகையில் பொருத்தி அந்தக் கேமராவின் பின்பக்கத்துக்கு அடாப்டர் செய்துகொள்வது. ஒரு நல்ல தச்சர் செய்துவிடுவார். பழைய பாகத்தை வெட்டாமல் கழற்றி மாட்டும்படி இருக்கட்டும். ஃபோகஸும் சிக்கலாகாது, 4×5 பேக்கோடு அதன் கிரவுண்ட் கிளாஸும் வருகிறதே. மூல அளவிலேயே எடுத்தாக வேண்டும் என்ற பிடிவாதம் இருந்தால், இல்ஃபோர்ட் வருடத்துக்கு ஒருமுறை வழக்கத்தில் இல்லாத அளவுகளுக்கு ஆர்டர் எடுத்து பிலிம் வெட்டித் தருகிறது. அல்லது பெரிய பிலிமை முழு இருட்டில் வெட்டிக்கொள்ளலாம். வெட்டும்போது பிளேட் அளவைவிட ஒரு மிமீ சிறிதாக வெட்டுங்கள், அப்போதுதான் உறையில் ஏறும். நாட்ச் (பக்கத்தை அறிய பிலிம் ஓரத்தில் வெட்டியிருக்கும் சின்னப் பள்ளம்) இருக்கும் மூலை போய்விடும் என்பதால் எமல்ஷன், அதாவது ஒளி பதியும் பூச்சு, எந்தப் பக்கம் என்று வெட்டும் முன்பே மூலையில் சின்னதாகக் கத்தரித்து அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

தேறிய ஹோல்டர்களுக்கு எண் போடும்போது பென்சிலோடு நிறுத்திவிடாமல், கீழ் மூடியின் உள் விளிம்பில் அரத்தால் ஒன்றுக்கு ஒரு கீறல், இரண்டுக்கு இரண்டு என்று போடுங்கள். அது ஒவ்வொரு நெகட்டிவின் ஓரத்திலும் பதிந்துவிடும். எந்த ஹோல்டர் ஒழுகியது, எது ஃபோகஸ் தள்ளியது என்று நெகட்டிவைப் பார்த்தே சொல்லிவிடலாம்.