சவுண்ட்பார் சரியில்லை என்று சொல்வதற்கு முன்

போன மாதம் நண்பர் ஒருவர் வீட்டுக்குக் கூப்பிட்டார். புது சவுண்ட்பார் (டிவிக்குக் கீழே வைக்கும் நீளமான ஸ்பீக்கர்) வாங்கிப் பத்து நாள்தான் ஆகிறது, படத்தில் பேசுவதே புரியவில்லை, திருப்பி அனுப்பப் போகிறேன், ஒருமுறை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றார். போய்ப் பார்த்தால், சில வருடங்களுக்கு முன் நான் அடித்த அதே கூத்து, ஏறக்குறைய அதே வரிசையில். அதற்கு முன்பும் இரண்டு வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். அதனால் எழுதி வைக்கிறேன்.

டிவியின் ரிமோட் சென்சாரை மறைத்து வைப்பது, மேசையைவிட நீளமான கருவியை வாங்கிவிட்டு முழிப்பது போன்றவற்றை விட்டுவிடலாம். அவை முதல் நாளே தெரிந்துவிடும். தெரியாமலே மாதக்கணக்கில் கூட இருப்பவைதான் ஆபத்து.

சத்தம் கூடினால் தரம் கூடியதாக நினைப்பது

இரண்டு சவுண்ட்பார்களை அடுத்தடுத்துக் கேட்கும்போது, ஒன்று இரண்டு டெசிபல் கூடுதலாக ஒலித்தால் போதும், அதுவே நல்லது என்று காது தீர்ப்பு சொல்லிவிடும். ‘இது சத்தமாக இருக்கிறது’ என்று தோன்றாது. ‘இதில் பேஸ் நன்றாக இருக்கிறது, தெளிவாக இருக்கிறது’ என்றுதான் தோன்றும். சத்தத்தைக் குறைத்தால் நம் காதுக்கு பேஸ் (ஆழ்ந்த அடித்தொனி) குறைவாகவே கேட்கும் என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள்.

ஆகவே போனில் ஒலி அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, உட்காரும் இடத்தில் போனை வைத்து, இரண்டிலும் ஒரே இரைச்சல் ஒலியை ஓடவிட்டு அளவைச் சமமாக்குங்கள். செயலி காட்டும் எண் துல்லியமாக இருக்காது. பரவாயில்லை, இரண்டுக்கும் ஒரே எண் வந்தால் போதும். அப்புறம் வீடே தூங்கும் நேரத்தில் எவ்வளவு சத்தத்தில் பார்ப்பீர்களோ அந்த அளவிலும் ஒருமுறை கேளுங்கள். உச்சத்தில் முழங்குகிற சில கருவிகள் இங்கே மெலிந்துபோகும்.

வாட் எண்

பெட்டியில் போட்டிருப்பதைப் படிக்காதீர்கள். வாட் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல்தான்.

உள்ளே என்ன வருகிறது என்று பார்க்காமல் தீர்ப்பு சொல்வது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். காசும் போனது, மானமும் போனது.

என் முதல் அட்மாஸ் சவுண்ட்பார் 3.1.2 வகை. அட்மாஸ் என்பது தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவதுபோல் கேட்கவைக்கும் டால்பியின் முறை. முன்பக்கம் இடம், நடு, வலம் என மூன்று ஸ்பீக்கர், பேஸுக்கென்று ஒரு சப்வூஃபர், கூரையைப் பார்த்து ஒலிக்கும் ஸ்பீக்கர் இரண்டு. பெட்டியில் ஆப்டிகல் கேபிள் இருந்தது, அதையே செருகினேன். ஒலி வந்தது. வந்ததுதான் வினை. வராமல் இருந்திருந்தால் அன்றைக்கே காரணம் தேடியிருப்பேன்.

ஐந்து மாதம் ஓடியது. மழை பெய்தாலும் ஹெலிகாப்டர் பறந்தாலும் எல்லாமே திரைக்குக் கீழே, ஒரே கோட்டில். ‘அட்மாஸ் எல்லாம் சும்மா விளம்பரம்’ என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னேன். கடைசியில் பாதி விலைக்கும் கீழே மைத்துனன் தலையில் கட்டிவிட்டு, இன்னும் பெரிதாக ஒன்றை வாங்கினேன். அதுவும் அப்படியே இருந்தது.

பிறகு ஒரு நாள் மைத்துனன் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, நான் தள்ளிவிட்ட அதே கருவியில் மழை தலைக்கு மேலே பெய்தது. “என்ன மச்சான், இதையா வேண்டாம்னு குடுத்தீங்க?” என்றான். அவன் செருகியிருந்தது ஹெச்டிஎம்ஐ கேபிள். வேறொன்றும் செய்யவில்லை.

ஆப்டிகல் என்பது 1983ல், சிடி காலத்தில் வந்த வழி. இரண்டு சேனல் (இடம், வலம் என இரண்டு தனித் தடம்) பிசிஎம், அதாவது சுருக்காத டிஜிட்டல் ஒலி, போகும். டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் என்று சுருக்கிய 5.1 (ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்குமான ஒலி) போகும். அவற்றுக்குப் பின் வந்த டால்பி டிஜிட்டல் பிளஸ், ட்ரூஹெச்டி என்ற ஒலி வடிவங்கள் போகாது. வீட்டுக்கு வரும் அட்மாஸ் பெரும்பாலும் இவை இரண்டின் முதுகில் ஏறித்தான் வருகிறது. டிவியின் ஒலியை ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியே சவுண்ட்பாருக்கு அனுப்பும் வசதிக்கு ஆர்க் என்று பெயர். 2009ல் ஹெச்டிஎம்ஐ 1.4உடன் வந்த அது, டால்பி டிஜிட்டல் பிளஸைத் தாங்கும். ஸ்ட்ரீமிங் படங்களுக்கு அது போதும். டிஸ்கில் வரும் ட்ரூஹெச்டிக்கு, 2017ல் ஹெச்டிஎம்ஐ 2.1உடன் வந்த இ-ஆர்க் வேண்டும். டிவியில் எத்தனை ஹெச்டிஎம்ஐ துளை இருந்தாலும் ஆர்க் என்று எழுதியிருப்பதில்தான் செருக வேண்டும். பெரும்பாலும் அப்படி ஒன்றுதான் இருக்கும்.

வீட்டுக்கு ஓடிவந்து கேபிளை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. டிவியின் ஒலி அமைப்புகளுக்குள் போனால், டிஜிட்டல் அவுட்புட் என்ற இடத்தில் ‘பிசிஎம்’ என்று இருந்தது. அதாவது, படத்தில் எத்தனை சேனல் இருந்தாலும் டிவியே பிரித்து, மடித்து, இரண்டாக்கி அனுப்பிக்கொண்டிருந்தது. ‘பாஸ் த்ரூ’ (வந்த ஒலியை அப்படியே அனுப்பு) என்று மாற்றியதும் கருவியின் சிறு திரையில் ‘அட்மாஸ்’ என்று வந்தது. சில டிவிகளில் இதே அமைப்பு ‘ஆட்டோ’ அல்லது ‘பிட்ஸ்ட்ரீம்’ என்ற பெயரில் இருக்கும்.

நண்பர் வீட்டிலும் இதே கதைதான். 5.1 ஒலியில் பேச்சு பெரும்பாலும் நடு சேனலில் தனியாக வருகிறது. இரண்டாக மடித்துவிட்டால் பேச்சும் இசையும் வெடியும் ஒன்றாகக் கலந்துவிடும். அதற்குப் பிறகு ‘குரலைக் கூட்டு’ என்று பொத்தானை அழுத்தினால், எது குரல் என்று கருவி ஊகித்துத்தான் கூட்ட வேண்டும்.

இதோடும் முடியவில்லை. ஒரே படத்தில் மூலமொழித் தடம் அட்மாஸாகவும், மொழிமாற்றுத் தடம் வெறும் இரண்டு சேனலாகவும் இருப்பதுண்டு. வீடியோ தளங்களில் ‘அட்மாஸ் டெஸ்ட்’ என்று தலைப்புப் போட்டு வருபவை பெரும்பாலும் இரண்டு சேனல்தான். அதனால் ஒவ்வொரு முறையும் முதலில் தகவல் பொத்தானை அழுத்துங்கள், அல்லது கருவியின் செயலியைத் திறந்து உள்ளே எந்த வடிவம் வருகிறது என்று பாருங்கள். பல கருவிகள் காட்டும். பத்து விநாடி வேலை. எனக்கு ஒரு சவுண்ட்பாரே போய்விட்டது.

கூரையை மறைத்துவிட்டு அட்மாஸ் கேட்பது

டிவி அலமாரியின் தட்டுக்குள் தள்ளிவைத்தால் மேல்நோக்கி ஒலிக்கும் ஸ்பீக்கருக்கு மேல்தட்டுதான் கூரை. வெளியே எடுங்கள். கூரை தட்டையாக இல்லாவிட்டால் அந்த இரண்டு ஸ்பீக்கருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

சப்வூஃபரை இடம் கிடைத்த மூலையில் வைப்பது

மூலையில் வைத்தால் பேஸ் ஊதிப்பெருகும், சில சுரங்கள் மட்டும் தொமதொமவென்று நிற்கும். அது அறையின் குறை, பழி சப்வூஃபர் மேல். ஒரு பழைய தந்திரம் இருக்கிறது: சப்வூஃபரை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, பேஸ் உள்ள பாட்டை ஓடவிட்டு, அதை வைக்கக்கூடிய இடங்களில் தரையோடு தவழ்ந்து கேளுங்கள். எங்கே பேஸ் சீராகக் கேட்கிறதோ அங்கே வையுங்கள். யாராவது பார்த்தால் சிரிப்பார்கள்தான்.

சோபாவுக்குப் பின்னால் மட்டும் வேண்டாம். சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எங்கிருந்து வருகிறது என்று காது சொல்லாது. ஆனால் மெல்லிய சவுண்ட்பார்கள் 150 ஹெர்ட்ஸ் வரைக்கும், அதற்கு மேலும்கூட, சப்வூஃபரிடம் கொடுத்துவிடும். ஆண் குரலின் அடிப்பகுதி அங்கேதான் இருக்கிறது. ஆள் திரையில், அவர் நெஞ்சு உங்கள் முதுகுக்குப் பின்னால்.

பாட்டை சினிமா மோடில் கேட்டு மதிப்பிடுவது

பாட்டுக்கு ஸ்டீரியோ மோடு. சினிமா மோடில் விட்டால் பாடுபவர் கூரையில் மிதப்பார். அதைப் ‘பிரம்மாண்டம்’ என்று முதல் வாரம் நானும் ரசித்தேன். வருடக்கணக்கில் கேட்டுப் பழகிய பாட்டை மட்டுமே போடுங்கள், புதுப் பாட்டில் எது பதிவின் குறை, எது கருவியின் குறை என்று தெரியாது.

எதிர்பார்ப்பையும் அளந்துகொள்ளுங்கள். ஸ்டீரியோவுக்கு இரண்டு ஸ்பீக்கரும் கேட்பவரும் 60 பாகை முக்கோணமாக இருக்க வேண்டும் என்பார்கள். ஒரு மீட்டர் நீளக் கருவியை மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேட்டால் கிடைப்பது 19 பாகை. மென்பொருள் எவ்வளவு விரித்துக் காட்டினாலும், தனித்தனியாக வைத்த இரண்டு ஸ்பீக்கர் போல வராது.

ப்ளூடூத்தில் படம் பார்த்து உதடு பொருந்தவில்லை என்பது

கேபிள் போடுங்கள்.

ஒரே இரவில் முடிவெடுப்பது

நண்பர் வீட்டில் கேபிளை மாற்றி, பிசிஎம்மை எடுத்துவிட்டு, சப்வூஃபரைச் சோபாவுக்குப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவந்தோம். பேச்சு தெளிந்துவிட்டது. திருப்பி அனுப்பும் கெடுவுக்கு நான்கு நாள் மிச்சம் இருந்தது; அதுவரை தினமும் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் போன் செய்தார். படம் பிரமாதம், ஆனால் இரவில் சத்தம் குறைத்துப் பாட்டுக் கேட்டால் உயிரே இல்லை என்றார். அவர் அதிகம் கேட்பது பாட்டுத்தான். மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டார்.