ஸ்போர்ட்ஸ் காருக்கு மாற்று டயர்: தேர்வு முதல் பொருத்துவது வரை

புது டயரைத் தேடுவதற்கு முன், காரில் இருக்கும் பழைய டயரைப் பாருங்கள். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்து நிறுத்தினால் முன் டயரின் முகம் முழுவதும் வெளியே தெரியும். டார்ச் அடித்து உள்விளிம்புவரை பாருங்கள். நின்று பார்க்கும்போது பள்ளம் தாராளமாக இருப்பதுபோல் தெரிந்த டயரில், உள்விளிம்பு மட்டும் மொட்டையாகி இருப்பது ஸ்போர்ட்ஸ் கார்களில் சகஜம். டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பி எங்கும் வெளியே நீட்டவில்லை என்று உறுதியானால், உள்ளங்கையை டிரெட்டின் (சாலையைத் தொடும், பள்ளங்கள் உள்ள மேற்பரப்பு) குறுக்கே ஒருமுறை உள்ளே, ஒருமுறை வெளியே தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுவென்றும் மறுதிசையில் ரம்பப் பல் போலவும் இருந்தால் டோ அளவு (மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) விலகியிருக்கிறது.

நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம் வைத்து ஓட்டியிருக்கிறீர்கள். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. உள்விளிம்பு மட்டும் என்றால் பலர் கேம்பரைக் குறை சொல்வார்கள். சக்கரத்தின் மேல்பாகம் சற்று உள்ளே சாய்ந்திருக்கும் நெகட்டிவ் கேம்பர், வளைவில் பிடிப்புக்காகத் தயாரிப்பாளரே வைத்து அனுப்புவது. அது மட்டும் டயரை இவ்வளவு வேகமாகத் தின்னாது. டோவும் சேர்ந்து விலகும்போதுதான் உள்விளிம்பு கடகடவென்று போகும். அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு நல்ல டயரைப் போட்டாலும் அதே இடத்தில்தான் தேயும்.

அளவும் சுமைத் திறனும்

சைடுவாலில், அதாவது டயரின் பக்கச்சுவரில், 245/40 இசட்ஆர் 18 97 ஒய் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அகலம் 245 மி.மீ. சைடுவாலின் உயரம் அதில் 40 சதவீதம், அதாவது 98 மி.மீ. ரிம் 18 அங்குலம், 457.2 மி.மீ. ஆக மொத்த விட்டம் 653.2 மி.மீ. இந்த விட்டத்தை நம்பித்தான் ஸ்பீடோமீட்டரும் ஏபிஎஸ்ஸும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் கணக்குப் போடுகின்றன. 'கொஞ்சம் அகலமாக' 255/35 போட்டால் விட்டம் 635.7 ஆகக் குறையும், 2.7 சதவீத வித்தியாசம். 255/40 போட்டால் 661.2, 1.2 சதவீதம் கூடுதல். அளவை மாற்றியே தீர வேண்டும் என்றால் ஒரு சதவீதத்தை ஒட்டியே நில்லுங்கள், முன் பின் இரண்டையும் ஒரே விகிதத்தில் மாற்றுங்கள். அளவை மாற்றாமல் ரப்பரை மாற்றுவதே பெரும்பாலான கார்களுக்கு அதிகப் பலன் தரும்.

பலர் கோட்டை விடுவது 97 என்ற எண்ணில். அது ஒரு டயர் தாங்கும் சுமையின் குறியீடு: 97 என்றால் 730 கிலோ. இதே 245/40 ஆர் 18 அளவு 93 குறியீட்டிலும் கிடைக்கும். அது 650 கிலோதான் தாங்கும். பெயர், அளவு, டிரெட் எல்லாம் ஒன்றாக இருக்க, ஒரு டயருக்கு 80 கிலோ குறைவு. கார் 97 கேட்டால் எக்ஸ்எல் (கூடுதல் சுமைக்கானது) என்று அச்சிட்ட டயரையே வாங்க வேண்டும். வேகக் குறியில் வி 240, டபிள்யூ 270, ஒய் 300 கி.மீ. வரை. சுமைக் குறியும் ஒய்யும் சேர்ந்து அடைப்புக்குறிக்குள் இருந்தால் 300-க்கு மேலும் தாங்கும். 'அவ்வளவு வேகம் போகவே மாட்டேன்' என்று குறைந்த குறியை எடுக்காதீர்கள். அந்தக் குறி டயரின் கட்டுமானம் வெப்பத்தை எவ்வளவு தாங்கும் என்பதையும் காட்டுகிறது.

ரிம்மின் அகலத்தையும் பாருங்கள். 245/40 ஆர் 18 டயர் 8 முதல் 9.5 அங்குல அகல ரிம்முக்கானது. அதைவிடக் குறுகிய ரிம்மில் சைடுவால் பிதுங்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கார் ஒரு கணம் தாமதித்தே திரும்பும்.

எந்த ரப்பர்?

இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி இது: இந்தக் கார் எந்த வெப்பநிலையில், எவ்வளவு ஈரத்தில் ஓடப்போகிறது?

கோடைக்கான பெர்ஃபார்மன்ஸ் டயர்கள்தான் பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு ஏற்றவை. மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4 எஸ், கான்டினென்டல் ஸ்போர்ட்கான்டாக்ட் 7, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஸ்போர்ட் போன்றவை இந்த ரகம். காய்ந்த சாலையில் நல்ல பிடிப்பு, ஈரத்திலும் நம்பலாம். இவற்றின் பலவீனம் குளிர். வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகப் போக ரப்பர் விறைத்துப் பிடிப்பை இழக்கும். உறைநிலைக்குக் கீழே, மைனஸ் 7 டிகிரியை நெருங்கினால், நின்ற காரை நகர்த்தினாலே டிரெட்டில் வெடிப்பு விழக்கூடும். அப்படிப்பட்ட குளிரில் ஓட்டுவதாக இருந்தால் தனி ரிம்மில் ஒரு செட் குளிர்கால டயர் வைத்துக்கொள்வது நல்லது. குளிர் லேசானது, பனி அபூர்வம் என்றால் பெர்ஃபார்மன்ஸ் ஆல் சீசன் டயர் போதும். காய்ந்த சாலையில் கொஞ்சம் கூர்மை குறையும். ஆனால் குளிர்காலக் காலையில் பிரேக் பிடிக்கும்.

அடுத்த படி, டிரெட்வேர் (டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதைக் காட்டும் எண்) 200 என்று குறிக்கப்பட்ட யோகோஹாமா அட்வான் ஏ052 போன்றவை. அதற்கும் மேலே மிஷலின் பைலட் ஸ்போர்ட் கப் 2, பிரேலி பி ஜீரோ டிரோஃபியோ ஆர் போன்ற டிராக் சார்ந்த டயர்கள். இவை சூடேறினால்தான் வேலை செய்யும். வீட்டிலிருந்து கிளம்பிய முதல் சில கிலோமீட்டரில், சாதாரண கோடை டயரைவிட இவற்றின் பிடிப்பு குறைவாகவே இருக்கலாம். பள்ளங்கள் குறைவு, ஆழமும் குறைவு. தேங்கிய தண்ணீரில் சீக்கிரம் மிதந்துவிடும். மழையில் நெடுஞ்சாலைப் பயணம் உண்டென்றால், டிராக்கில் எவ்வளவு வேகம் தந்தாலும் இவை அன்றாடக் காருக்கு வேண்டாம்.

எடை குறைந்த கார்களுக்கு ஒரு எச்சரிக்கை. மஸ்டா எம்எக்ஸ்-5 காரின் 17 அங்குல ரிம்மில் வருவது 205/45 டயர்தான். அந்த எடைக்கு அது போதும். அதில் அகலமான, டிராக்குக்கான டயரைத் திணித்தால் சாலை வேகத்தில் அந்த ரப்பரைச் சூடேற்றும் அளவு பாரம் இருக்காது. தண்ணீரிலும் சீக்கிரம் மிதக்கும், ஸ்டீயரிங்கில் வரும் உணர்வும் மந்தமாகும்.

டிரெட்வேர் எண்ணை அதிகம் நம்ப வேண்டாம். அமெரிக்காவின் டெக்சாஸில் 7,200 மைல் சாலை ஓட்டத்தில், 100 என்று வைத்த ஒப்பீட்டு டயரோடு சேர்த்து ஓட்டிப் பார்த்துப் போடும் எண் அது. முடிவில் எண்ணைக் குறிப்பது தயாரிப்பாளர்தான். ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட உதவும். ஒரு நிறுவனத்தின் 300-ஐ மற்றொன்றின் 300-ஓடு ஒப்பிட உதவாது.

பின்னர் சிறிய முத்திரைகள். போர்ஷேக்கு என்0, என்1, பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு எம்ஓ. முத்திரை உள்ள டயரும் இல்லாத டயரும் பெயரில் ஒன்றாக இருந்தாலும் ரப்பர் கலவையோ உள் அடுக்குகளோ வேறாக இருக்கலாம். முத்திரை உள்ளதையே போட்டால் கார் வடிவமைத்தபடி நடந்துகொள்ளும். பழைய மாடலுக்கு முத்திரை டயர் வருடக்கணக்கில் கிடங்கில் கிடந்ததாக மட்டுமே கிடைத்தால், புதிதாகத் தயாரான முத்திரையில்லாத டயரை நான்கும் ஒரே ரகமாகப் போடுவது மேல். ஒரு ஆக்சிலில் என்0, மறு ஆக்சிலில் வேறு என்று கலக்கவே கூடாது.

ரன்ஃபிளாட்டிலிருந்து (காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடும் டயர்) சாதாரண டயருக்கு மாறினால் பயணம் மென்மையாகும், எடையும் குறையும். ஆனால் அந்தக் கார்களில் பெரும்பாலும் ஸ்டெப்னி இருக்காது. பஞ்சர் கிட்டும் சிறிய கம்ப்ரஸரும் வாங்கி டிக்கியில் வைத்துவிட்டு மாறுங்கள்.

இரண்டா, நான்கா?

பின்சக்கர இயக்கக் காரில் பின் டயர்கள் முன்னவற்றைவிட வேகமாகத் தேயும். 992 ரக போர்ஷே 911 கரேராவில் முன்னால் 235/40 ஆர் 19, பின்னால் 295/35 ஆர் 20; இடம் மாற்றிப் போட வழியே இல்லை. பின்னால் மட்டும் இரண்டு மாற்றலாம், முன்னால் இருக்கும் அதே மாடலாக இருந்தால். முன்னால் ஒட்டும் ரப்பர், பின்னால் சுமாரான ரப்பர் என்றால் ஈர வளைவில் பின்பக்கம் முதலில் வழுக்கும், பிடிப்பது கடினம். நான்கும் ஒரே அளவுள்ள காரில் இரண்டு மட்டும் வாங்கினால் அவற்றைப் பின்னால் போடுங்கள், முன்சக்கர இயக்கமாக இருந்தாலும்.

நான்கு சக்கர இயக்கக் காரில் கணக்கு வேறு. புது டயரும் 3 மி.மீ. தேய்ந்த டயரும் சேர்ந்தால் விட்டத்தில் 6 மி.மீ., சுற்றளவில் சுமார் 19 மி.மீ. வித்தியாசம். மேலே பார்த்த 245/40 ஆர் 18 அளவில், தேய்ந்த டயர் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய நாலரைச் சுற்று கூடுதலாகச் சுற்றும். அந்த வித்தியாசத்தை, முன் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் சென்டர் டிஃபரன்ஷியலோ கிளட்ச்சோ ஓட்டம் முழுக்கத் தாங்கிச் சூடாகும். சுபாரு அனுமதிக்கும் சுற்றளவு வித்தியாசம் கால் அங்குலம் மட்டுமே, டிரெட்டில் சுமார் 1 மி.மீ. உங்கள் காரின் கையேடு சொல்லும் எல்லையைப் பாருங்கள். தாண்டினால் நான்கையும் மாற்றுங்கள்.

கடையில்

டயரைப் பொருத்துமுன் தயாரிப்புத் தேதியை நீங்களே பாருங்கள். டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம்: 1424 என்றால் 2024-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம். ஒரு பக்கத்தில் அந்த இலக்கம் இல்லாவிட்டால் மறுபக்கத்தில் இருக்கும். ஒரு வருடத்துக்கு உட்பட்டது நல்லது. இரண்டு வருடம் தாண்டியதை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

டிரெட்டில் அம்புக்குறி இருந்தால் முன்னோக்கிச் சுற்றும் திசையில், 'வெளிப்பக்கம்' என்று அச்சிட்டிருந்தால் அந்தப் பக்கம் வெளியே இருக்க வேண்டும். தாழ்ந்த சைடுவால் டயரை ரிம்மில் ஏற்றத் துணைக்கை உள்ள மெஷின் தேவை. வெறும் லீவரால் நெம்பினால் ரிம் கீறும், டயரின் ஓர வளையம் கிழியும். பிரஷர் சென்சார் இருந்தால் வால்வின் ரப்பர் சீலையும் கோரையும் (வால்வுக்குள் காற்றை அடைக்கும் சிறு பாகம்) அப்போதே மாற்றச் சொல்லுங்கள். நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் இறுக்கி முடித்துவிடாமல், கடைசி இறுக்கத்தை டார்க் ரெஞ்சால், கையேட்டில் உள்ள அளவுக்கு. 100 கி.மீ. ஓடியபின் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.

அலைன்மென்டை, அதாவது டோ, கேம்பர் போன்ற சக்கரக் கோணங்களைச் சரிசெய்வதை, தள்ளிப்போட வேண்டாம். செய்யும் முன்னும் பின்னும் அளவுகளை அச்சிட்டு வாங்குங்கள். 'எல்லாம் பச்சையில் இருக்கிறது' என்ற பதில் போதாது. டோ இடமும் வலமும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கிளம்புமுன் ஒரு சின்ன வேலை: டயரிலும் ரிம்மிலும் ஒரே நேர்க்கோட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். டயர் ஏற்றத் தடவிய வழவழப்பு காயும்வரை, ஒரு நாளாவது, கடும் ஆக்சிலரேஷனும் கடும் பிரேக்கும் தவிர்க்க வேண்டும். மீறினால் டயர் ரிம்மின் மேலேயே நழுவிச் சுற்றும், பேலன்ஸ் கெடும், வேகத்தில் ஸ்டீயரிங் அதிரும். அதிர்வு வந்தால் அந்தக் கோட்டைப் பாருங்கள். இரண்டும் விலகியிருந்தால் காரணம் அதுதான், மறுபடி பேலன்சிங் செய்தால் தீரும். கோடு நேராக இருந்தும், பேலன்ஸ் செய்தும் அதிர்ந்தால், டயரை ரிம்மில் பாதிச் சுற்று திருப்பி ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

முதல் 300 கிலோமீட்டர் நிதானம். டயரை வார்த்த அச்சிலிருந்து எடுக்கத் தடவிய பொருள் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும். அது தேய்ந்து போகும்வரை, குறிப்பாக ஈரத்தில், முழுப் பிடிப்பு வராது. காற்றழுத்தம் கதவுத் தூணில் ஒட்டிய அட்டவணைப்படி, கார் மூன்று மணி நேரமாவது நின்றபின். வெளி வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ இறங்கும் என்பதால் பருவம் மாறும்போது மறுபடி அளவெடுங்கள்.

ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் டெப்த் கேஜால் ஒவ்வொரு டயரிலும் உள்ளே, நடுவில், வெளியே என மூன்று இடத்தில் அளந்து எழுதி வையுங்கள். அடுத்தடுத்த அளவுகளில் உள்விளிம்பு மற்ற இரண்டையும்விட வேகமாக இறங்கினால் அலைன்மென்டுக்குத் திரும்பிப் போங்கள். தேய்மானப் பாலம் (பள்ளத்துக்குள் குறுக்கே இருக்கும் சிறு ரப்பர் மேடு) 1.6 மி.மீ. உயரத்தில் இருக்கும். ஆனால் இவ்வளவு அகல டயர் மழையில் ஓடுவதாக இருந்தால் 3 மி.மீ. வந்ததுமே அடுத்த செட்டுக்குச் சொல்லி வைத்துவிடுங்கள்.